நக்கவாரத்து மரப் பாட்டனார்

(அம்பத்தூரில் ஆலைத் தொழிலாளர்களும் விவசாயத் தொழிலாளர்களும் கூடிய மாலை வகுப்பில் ஆற்றிய உரை)



இன்றைய வகுப்புக்கு எடுத்துக்கொண்ட விஷயம் ஒரு மர உருவம். "கூலி உயர்வைப் பற்றிப் பேச வேண்டிய இடத்தில் மரப் பொம்மையைப் பற்றிப் பேச்சா?" என்று சில தோழர்கள் முணுமுணுப்பது காதில் விழுகிறது. கொஞ்சம் பொறுத்துக் கேளுங்கள். இந்த மர உருவத்தின் கதையில் உழைப்பு இருக்கிறது, விலை இருக்கிறது, நிலம் இருக்கிறது. நமக்குத் தினமும் தலைவலியாக இருக்கிற மூன்று விஷயங்களும் அவைதானே?

சென்னைத் துறைமுகத்தில் கப்பல் ஏறினால் போர்ட் பிளேர் போய்ச் சேர ஏறக்குறைய மூன்று நாள் ஆகும். 2024-ல் அந்த ஊரின் பெயரை ஸ்ரீ விஜயபுரம் என்று சர்க்கார் மாற்றியிருக்கிறது. அங்கிருந்து இன்னும் தெற்கே போனால் நிகோபார் தீவுகள். பெரிதும் சிறிதுமாக இருபது சொச்சம் தீவுகள். அவற்றில் ஏறக்குறைய பாதியில்தான் ஜனங்கள் வசிக்கிறார்கள். அந்த மக்களுக்கு ஜீவனம் தென்னை, தாழை, பன்றி வளர்ப்பு, கடலில் மீன். சௌரா என்ற சின்னஞ்சிறு தீவின் பெண்கள் வனைந்த மண்பானைக்கு மற்றத் தீவுகளில் ஏகப்பட்ட கிராக்கி இருந்தது. தோணி ஏறி வந்து பண்டமாற்றாக வாங்கிப் போவார்கள். உழைத்து, பங்கிட்டு, சேர்ந்து வாழ்ந்த ஜனங்கள்.

அங்கே நடுத் தீவுகளில், அதாவது நன்கவுரி, கமோர்ட்டா போன்ற இடங்களில், பழைய நாளில் வீட்டுக்குள் மனித உருவங்கள் நிற்கும். கால் ஊன்றிய மேடை வீடு. தேன்கூடு போல் கவிழ்ந்த வட்டக் கூரை. உள்ளே போனால் மரத்தில் செதுக்கிய ஆள். சில உருவங்கள் முழங்கை உயரம், சில முழு ஆள் உயரம். அவர்களுடைய பாஷையில் 'கரேயாவ்' என்று பெயர். கண்ணுக்குச் சிப்பி பதித்திருப்பார்கள். விளக்கு வெளிச்சம் பட்டால் அது நம்மை உற்றுப் பார்ப்பதுபோல் இருக்கும். சில உருவங்கள் கையை ஓங்கி, ஈட்டி எறியப் போகிற பாவனையில் நிற்கும். சில சம்மணமிட்டு உட்கார்ந்திருக்கும். சிலவற்றின் தலையில் வெள்ளைக்காரத் துரையின் உயரத் தொப்பிகூட இருக்கும்! அதன் காரணத்தைப் பிறகு சொல்கிறோம்.

வார்ப்படச் சாலைக்கு மரத்தில் பேட்டர்ன் செய்கிற தோழர்கள் இந்தக் கூட்டத்தில் இருக்கிறார்கள். ஒரே கட்டையில் முழு உருவத்தையும் செதுக்கினால் நீட்டிய கை சுலபமாக முறிந்துபோகும் என்று அவர்களுக்குத் தெரியும். நிகோபார் தச்சருக்கும் அது தெரிந்திருந்தது. கையைத் தனியே செதுக்கி, தோளில் துளையிட்டு, ஆப்பு வைத்து இறுக்கிப் பொருத்தியிருக்கிறார்கள். பாலிடெக்னிக் படித்தவர்கள் இல்லை, அளவுகோல் இல்லை. கையும் கண்ணும்தான் அளவு. மரத்தின் நார் எந்தப் பக்கம் ஓடுகிறது என்று அறிந்த கை அது. உழைப்பவன் எந்தத் தீவில் இருந்தாலும் அவன் அறிவு அவன் விரல் நுனியில் இருக்கிறது.

எதற்காகச் செய்தார்கள்? வீட்டில் ஒருவருக்குக் கடுமையான நோய் வந்தால், ஊரின் மந்திர வைத்தியர் வந்து பார்ப்பார். கெட்ட ஆவி பிடித்திருக்கிறது, அதை விரட்ட இன்ன உருவம் செய்து வையுங்கள் என்பார். செய்து வைப்பார்கள். நோயாளி பிழைத்தால் அந்த உருவத்துக்கு மரியாதை. வீட்டிலேயே நிற்கும், விருந்து நாளில் அதற்கும் படையல் உண்டு. நோயாளி பிழைக்காவிட்டால் அந்த உருவத்தைக் காட்டில் கொண்டுபோய்ப் போட்டுவிடுவார்கள். இன்னும் சில உருவங்கள் செத்துப்போன முன்னோருக்காகவே செய்தவை. சிலவற்றோடு முன்னோரின் எலும்பையும் சேர்த்து வைத்திருக்கிறார்கள். பாட்டன் மண்ணுக்குள் போய்விடவில்லை, வீட்டில் நின்று பேரனைக் காவல் காக்கிறான் என்பது அதன் பொருள்.

"இது மூடநம்பிக்கைதானே? இதை எதற்கு மெச்ச வேண்டும்?" என்று ஒரு வாலிபத் தோழர் கேட்கக்கூடும். நியாயமான கேள்வி. மர உருவம் நோய் தீர்க்கும் என்று நாம் சொல்லவில்லை. காய்ச்சல் வந்தால் ஆஸ்பத்திரிக்குத்தான் போக வேண்டும். ஆனால் ஒன்றை எண்ணிப் பாருங்கள். அந்தத் தீவுகளில் குடியேற வந்த ஐரோப்பியர்களும் அதே காய்ச்சலில் கொத்துக் கொத்தாக மாண்டார்கள். மலேரியாவைப் பரப்புவது கொசு என்பதை ரொனால்டு ராஸ் சிக்கந்தராபாத்தில் கண்டுபிடித்ததே 1897-ல்தான். அதுவரை துரைக்கும் காரணம் தெரியாது, தீவுக்காரனுக்கும் தெரியாது. ஒருவன் கெட்ட காற்று என்றான், மற்றவன் கெட்ட ஆவி என்றான். அவ்வளவுதான் வித்தியாசம். தீவுக்காரன் கையைக் கட்டிக்கொண்டு உட்காராமல், தன் சொந்தப் பாட்டனைத் துணைக்கு அழைத்து, ஈட்டி கொடுத்து வாசலில் நிறுத்தினான். அந்த மனத்தைக் கேலி செய்ய நமக்கு என்ன உரிமை? நம் ஊரிலும் ஏரிக்கரையில் ஐயனார் கையில் அரிவாளோடுதானே நிற்கிறார்?

இனி, இந்தப் பாட்டனார் வீட்டை விட்டு வெளியேறிய கதைக்கு வருவோம்.

இந்தத் தீவுகளுக்கும் தமிழ்நாட்டுக்கும் பழைய தொடர்பு உண்டு. 1025-ல் ராஜேந்திர சோழன் கடல் கடந்து படை அனுப்பியபோது பிடித்த இடங்களின் பட்டியலில் மாநக்கவாரம் என்ற பெயரும் கல்வெட்டில் இருக்கிறது. நக்கவாரம்தான் நிகோபார். இதைச் சொன்னதும் மார் தட்டுகிற பேர்வழிகள் உண்டு. மன்னனின் வெற்றி கல்லில் ஏறியது. அங்கே தென்னை வைத்து, தோணி குடைந்து வாழ்ந்தவன் பெயர் கல்லில் ஏறவில்லை. உழைக்கிற நாம் யார் பக்கம் நின்று அந்தக் கல்வெட்டைப் படிப்பது? நீங்களே முடிவு செய்யுங்கள்.

1756-ல் டேனிஷ்காரர்கள் வந்தார்கள். எங்கிருந்து? நம் தரங்கம்பாடிக் கோட்டையிலிருந்து. அங்கிருந்தபடியே நிகோபாரைத் தங்கள் உடைமை என்று சொல்லிக்கொண்டார்கள். 1768-ல் மொராவிய சபைப் பாதிரிமார்கள் தரங்கம்பாடியிலிருந்து நன்கவுரிக்குப் போனார்கள். பலர் காய்ச்சலில் இறந்து, 1787-ல் மிஞ்சியவர்கள் திரும்பினார்கள். 1858-ல் ஆஸ்திரியாவின் நோவாரா என்ற கப்பல் உலகைச் சுற்றி வந்தபோது அங்கேயும் நங்கூரம் போட்டது. 1868-ல் டேனிஷ்காரர்கள் தீவுகளின் உரிமையைப் பிரிட்டிஷாருக்கு விற்றார்கள். விற்றவன் கோபன்ஹேகனில், வாங்கியவன் லண்டனில். விற்கப்பட்ட மண்ணில் குடியிருந்தவனை ஒரு வார்த்தை கேட்டார்களா? இல்லை. 1869-ல் பிரிட்டிஷார் நன்கவுரித் துறைமுகத்தருகே கைதிகள் குடியிருப்பு அமைத்து, 1888 வரை நடத்தினார்கள்.

வியாபாரிகளும் வந்தார்கள். கப்பல் கப்பலாகத் தேங்காய் ஏற்றிப் போனார்கள். அதற்கு ஈடாகக் கொடுத்தது துணி, கத்தி, புகையிலை, அத்துடன் துரைமார் போட்டுக் கழித்த பழைய தொப்பி! அந்தத் தொப்பிக்கு அங்கே மதிப்பு ஏறியது. மர உருவத்தின் தலைக்கும் வந்தது. பாட்டனுக்குத் தொப்பி வைத்த தீவுக்காரனைப் பார்த்துத் துரைகள் சிரித்தார்கள். பழந்தொப்பிக்குத் தேங்காய்க் குவியலை வாங்கிப் போனவனைப் பார்த்து யாரும் சிரிக்கவில்லை. அதற்கு வியாபாரம் என்று பெயர்!

இப்படி வந்தவர்கள் மர உருவங்களையும் எடுத்துச் சென்றார்கள். எட்வர்டு ஹோரஸ் மான் என்ற பிரிட்டிஷ் அதிகாரி அந்தத் தீவுகளில் நெடுங்காலம் உத்தியோகம் பார்த்தவர். அந்த மக்களின் பாஷையைக் கற்றார், பழக்கவழக்கங்களை எழுதி வைத்தார். அந்த எழுத்து இன்றும் பயன்படுகிறது, அதை மறுக்க வேண்டியதில்லை. ஆனால் அவர் சேகரித்த பொருள்கள் லண்டன் பிரிட்டிஷ் மியூசியத்துக்கும் ஆக்ஸ்போர்டுக்கும் போய்ச் சேர்ந்தன. கோபன்ஹேகனிலும் வியன்னாவிலும் நிகோபார் பொருள்கள் இருக்கின்றன. கல்கத்தா இந்தியன் மியூசியத்திலும் போர்ட் பிளேர் மானிடவியல் மியூசியத்திலும் இருக்கின்றன. இன்னும் சில தனியார் பணக்காரர்கள் கையில். ஐரோப்பிய ஏலக் கடைகளில் இத்தகைய உருவம் வந்தால் பணமூட்டைகள் போட்டி போடுகின்றன.

எல்லாவற்றையும் திருடினார்கள் என்று நாம் சொல்ல மாட்டோம். அது உண்மையாகாது. சிலவற்றைக் காசு கொடுத்தோ பண்டம் கொடுத்தோ வாங்கினார்கள். சிலவற்றைக் காட்டில் எறிந்திருந்ததைப் பொறுக்கினார்கள். பின்னால் ஜனங்கள் கிறிஸ்துவ மதத்தில் சேர்ந்தபோது பல வீடுகளில் அவர்களே கைவிட்டார்கள். எல்லாம் சரி. ஆனால் ஒரு கேள்வி இருக்கிறது. பேரம் பேசியபோது இரு பக்கமும் சமமாக நின்றனவா? கேட்கிறவர் சட்டம் கையில் வைத்திருக்கிற அதிகாரி. கொடுக்கிறவர் அந்த அதிகாரியின் ஆட்சிக்குள் கிடக்கிற குடிமகன். "அவனே சம்மதித்துத்தான் கொடுத்தான்" என்கிறார்கள். நம்முடைய கான்ட்ராக்டரும் இதைத்தானே சொல்கிறார்? "இந்தக் கூலிக்கு அவனே சம்மதித்துத்தான் வந்தான்!" வயிறு காய்ந்தவன் போடுகிற கையெழுத்துக்கும், அதிகாரத்துக்கு அஞ்சுகிறவன் நீட்டுகிற பொருளுக்கும் சம்மதம் என்று பெயர் வைப்பது ஆள்கிறவனின் அகராதி.

விவசாயத் தோழர்களுக்கு நம் மண்ணிலேயே ஒரு உதாரணம் சொல்கிறோம். 1976-ல் தஞ்சைப் பகுதியில் பத்தூர் என்ற கிராமம். ஒரு கூலித் தொழிலாளி மண் வெட்டியபோது பூமிக்குள்ளிருந்து செப்பு விக்கிரகங்கள் கிடைத்தன. அவற்றில் ஒன்று நடராஜர். அவர் விற்றது சொற்பக் காசுக்கு. கை மாறிக் கை மாறி, கடல் தாண்டி, கடைசியில் கனடா நாட்டுக் கம்பெனி ஒன்று பெரும் பணம் கொடுத்து வாங்கியது. 1982-ல் லண்டன் போலீசார் அதைக் கைப்பற்றினார்கள். வழக்கு நடந்தது. பத்தூர் கோயிலின் சிவலிங்கமே ஒரு கட்சிக்காரராக லண்டன் கோர்ட்டில் நின்றது! 1988-ல் தீர்ப்பு நம் பக்கம் வந்தது. அப்பீலும் தோற்று, 1991-ல் நடராஜர் தமிழ்நாடு திரும்பினார். மண் வெட்டியவனுக்கும் கடைசியாக வாங்கியவனுக்கும் இடையே இருந்த அந்த மலையளவு பணம் யார் உழைப்பு? வெட்டியவன் உழைப்பும் வார்த்தவன் உழைப்பும்தான். நடுவில் நின்றவன் செய்தது மூட்டை கட்டியது ஒன்றே!

நடராஜர் திரும்பியபோது தமிழ்நாடு மகிழ்ந்தது. மகிழ்ந்தது சரி. ஆனால் நமக்குக் கோயில் இருந்தது, கல்வெட்டு இருந்தது, சர்க்கார் இருந்தது, வக்கீல் வைக்கப் பணம் இருந்தது. நிகோபார் பாட்டனாருக்கு இதில் எது இருக்கிறது? மியூசியத்துச் சீட்டில் சேகரித்தவர் பெயர் இருக்கும், கொடுத்த வருஷம் இருக்கும். செதுக்கியவர் பெயர் இராது. யாருடைய பாட்டன் என்ற விவரம் இராது. ஆவடிச் சாலையில் ஓடுகிற வண்டியில் கம்பெனி முத்திரை இருக்கிறது, வார்த்தவன் பெயர் இல்லை. அதே கணக்குத்தான் அங்கேயும்.

சரி, உருவத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டால் தீர்ந்ததா? தீராது தோழர்களே. இன்றைய பேச்சில் நீங்கள் வீட்டுக்கு எடுத்துப் போக வேண்டியது இனிமேல்தான் வருகிறது.

2004 டிசம்பர் 26-ல் சுனாமி வந்தது. நம் மீனவக் குப்பங்கள் அழிந்ததை நாம் மறக்கவில்லை. அன்று நிகோபார் தீவுகளின் கரையோரக் கிராமங்கள் கூண்டோடு போயின. தரையே பல அடி கீழே இறங்கியது. வீடு, தென்னந்தோப்பு, தோணி, முன்னோர் புதைகுழி எல்லாம் கடலுக்குள். பெரிய நிகோபார் தீவின் தெற்கிலும் மேற்கிலும் இருந்த கிராமத்து மக்களை, பிழைத்தவர்களை, கேம்பல் பே பக்கம் ராஜீவ் நகர், புதிய சிங்கென் என்ற குடியிருப்புகளில் சர்க்கார் தங்க வைத்தது. தற்காலிகம் என்று போனவர்கள். எங்கள் பழைய கிராமத்து மண்ணுக்கே எங்களைத் திரும்ப விடுங்கள் என்று ஆண்டுக்கணக்கில் மனுப் போட்டுக்கொண்டிருந்தார்கள்.

அந்தப் பெரிய நிகோபாரில்தான் துறைமுகம், விமான நிலையம், மின்நிலையம், புது நகரம் என்று ஒரு மாபெரும் திட்டம் வந்தது. அனுமதி கொடுத்தபோது மதிப்பு சுமார் 72,000 கோடி ரூபாய். 2022 நவம்பரில் மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம் அனுமதி கொடுத்தது. எடுக்கிற நிலம் 166 சதுர கிலோமீட்டர். அதில் 130 சதுர கிலோமீட்டருக்கு மேல் காடு. வெட்டுகிற காட்டுக்கு ஈடாக எங்கே மரம் வைப்பார்களாம்? ஹரியானாவில்! தீவில் சில ஆயிரம் பேர் வசிக்கிற இடத்தில், லட்சக்கணக்கில் ஆட்களைக் குடியேற்றுவது திட்டம். அந்தக் காட்டில் ஷோம்பென் என்ற பழங்குடி மக்கள் வாழ்கிறார்கள். 2011 ஜனத்தொகைக் கணக்கில் அவர்கள் 229 பேர்.

தீவின் பழங்குடி மன்றம் 2022 ஆகஸ்டில் சம்மதக் கடிதம் கொடுத்தது. அதே ஆண்டு நவம்பரில் அதை வாபஸ் வாங்கியது. எங்கள் ரிசர்வ் நிலத்தில் எவ்வளவு போகும் என்பதைச் சரியாகச் சொல்லவில்லை, அவசரப்படுத்திக் கையெழுத்து வாங்கினார்கள், எங்கள் சுனாமிக்கு முந்தைய கிராம நிலமும் இதில் அடங்குகிறது என்று எழுதினார்கள். சம்மதம் என்ற வார்த்தையைப் பற்றி முன்னே சொன்னோமே, மறுபடியும் அதே வார்த்தை!

"துறைமுகம் வந்தால் வேலை வருமே? தொழிலாளி அதை எதிர்க்கலாமா?" என்று கேட்பார்கள். நாம் தொழிலுக்கு விரோதிகள் இல்லை. ஆவடியில் 1961-ல் கனரக வாகனத் தொழிற்சாலை வந்தது. 1960-களில் அம்பத்தூர் தொழிற்பேட்டை வந்தது. நம்மில் பல பேர் அதில் சோறு தின்றவர்கள். ஆனால் அதே சமயம் வயலும் ஏரியும் மனையாகிப்போன கதையும் பூந்தமல்லிச் சாலை நெடுகத் தெரியும். நிலம் போனவனுக்கு வாட்ச்மேன் வேலை. நிலம் வாங்கி விற்றவனுக்கு மாளிகை. தொழில் வரட்டும், நிலத்துக்காரனைக் கேட்டு வரட்டும் என்கிறோம். அதற்குச் சட்டமும் இருக்கிறது. அந்தமான் நிகோபார் பழங்குடிப் பாதுகாப்புச் சட்டம் 1956-ல் வந்தது. வன உரிமைச் சட்டம் 2006-ல் வந்தது. தர்மம் கேட்கவில்லை, இருக்கிற சட்டத்தை நடத்து என்கிறோம்.

நமக்குப் பக்கத்திலேயே பாருங்கள். திருவள்ளூர் வட்டாரத்தில் இருளர் மக்கள் இருக்கிறார்கள். அவர்கள் கன்னியம்மனைக் கும்பிடுகிறவர்கள். மாசி மகத்தன்று மாமல்லபுரம் கடற்கரையில் கூடுவார்கள். அந்தக் கூட்டத்தைப் படம் பிடிக்கப் பத்திரிகைக்காரர் வருகிறார், வெளிநாட்டார் வருகிறார். படம் அழகாக வருகிறது. மறுநாள் அதே இருளர் அரிசி ஆலையிலும் செங்கல் சூளையிலும் முன்பணத்துக்குக் கட்டுப்பட்டு உழைக்கப் போகிறார். கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் 1976-ல் வந்தும், மீட்கப்பட்ட குடும்பங்களின் செய்தியை நாம் இன்னமும் பத்திரிகையில் படித்துக்கொண்டிருக்கிறோம். மனைப்பட்டா கேட்டு நடையாய் நடக்கிறார்கள். சாமியைப் படம் எடுப்பவர்கள், சாமி கும்பிடுகிறவன் குடிசை எந்தப் புறம்போக்கில் நிற்கிறது என்று கேட்பதில்லை.

ஆள்கிற வர்க்கத்தின் தந்திரம் இதுதான் தோழர்களே. பாட்டன் உருவத்தைக் கண்ணாடிப் பெட்டியில் வைத்து, விளக்குப் போட்டு, ஆகா என்ன கலை என்பார்கள். பேரன் வந்து பாட்டன் புதைந்த மண்ணைக் கேட்டால், வளர்ச்சிக்குத் தடை என்பார்கள். பாட்டன் பேச மாட்டான், அதனால் அவனுக்கு மரியாதை. பேரன் பேசுகிறான், அதனால் அவனுக்கு இடமில்லை!

நாம் செய்ய வேண்டியது என்ன? மூன்று காரியங்கள். வெளிநாட்டிலும் உள்நாட்டிலும் இருக்கிற நிகோபார் உருவங்களின் முழுப் பட்டியலையும் படங்களையும் அந்தத் தீவு மக்கள் கையில் கொடுக்க வேண்டும். எது திரும்ப வேண்டும், எது அங்கேயே இருக்கலாம் என்பதை அவர்களே சொல்ல வேண்டும். சுனாமியில் வெளியேறிய மக்கள் தங்கள் கிராம மண்ணுக்குத் திரும்பும் உரிமையையும், அவர்கள் வாபஸ் வாங்கிய சம்மதத்தையும் மதிக்க வேண்டும் என்று நம் சங்கங்கள் தீர்மானம் போட்டு அனுப்ப வேண்டும். மூன்றாவது, நம் வட்டாரத்து இருளர் குடும்பங்கள் பட்டாவுக்காகத் தாலுகா ஆபீசுக்குப் போகிற நாளில், அவர்களைத் தனியாக அனுப்பாமல் ஆலைத் தோழர்களில் பத்துப் பேராவது கூடவே போய் நிற்க வேண்டும். தீவுக்குப் போகக் கப்பல் வேண்டும். தாலுகா ஆபீசுக்குப் போக ஒரு பஸ் போதும்.

எந்தத் தேதியில் மனுக் கொடுப்பது என்பதை இந்த வகுப்பு கலைவதற்குள் முடிவு செய்துவிடலாம். யார் யார் வருகிறீர்கள், பெயர் கொடுங்கள்.